கிளுகரில் கேரவன் பிரேக் வயரிங்: 5-ம் பின்னில் எதுவுமே வரவில்லை

கிளுகர்_கோபு (மெல்பன்)

வணக்கம் மக்களே. வண்டி 2022 டொயோட்டா கிளுகர், பெட்ரோல் வி6. வாங்கும்போதே டோபாரும் (பின்னால் டிரெய்லரை மாட்டும் கம்பி) 7 பின் ஃபிளாட் சாக்கெட்டும் சேர்த்துத்தான் வாங்கினோம். இதுவரை குப்பை கொட்டப் போகும் சின்ன டிரெய்லரைத் தவிர வேறு எதையும் இழுத்ததில்லை. இப்போது பழைய பாப்-டாப் (கூரையைத் தூக்கிக்கொள்ளும்) கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறோம், ஒற்றை ஆக்சில், தகட்டில் டேர் (காலி எடை) 1420 கிலோ, ஏடிஎம் (முழுச் சுமையோடு அதிகபட்ச எடை) 1800 கிலோ, 10 அங்குல எலக்ட்ரிக் டிரம் பிரேக். விற்றவரே தன் லேண்ட்குரூசரில் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு "பிளக்கை மாட்டினால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாட்டினேன். இண்டிகேட்டர், டெயில் லைட், ஸ்டாப் லைட் எல்லாம் எரிகிறது, பிரேக் மட்டும் இல்லை. சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்தால் 5-ம் பின்னில் பூஜ்யம். ஈஸ்டருக்கு பிரைட் என்னும் மலையூர்ப் பக்கம் மலையேறலாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கேட்டால் வண்டியில் இருந்து கேரவன் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர், கூலி எல்லாம் சேர்த்து 900 டாலர் என்கிறார். சாலிடரிங், கிரிம்பிங் எல்லாம் எனக்குக் கை வரும். நானே செய்யலாமா? எந்த கன்ட்ரோலர் வாங்கலாம்?

சிட்னி_செந்தில்

2 டன்னுக்குக் கீழே இருந்தால் கேரவனுக்கு பிரேக்கே தேவையில்லை என்று யாரோ சொன்னார்களே, அது சரியா? அப்படியானால் ஏன் இந்தச் செலவு?

பிராடோ_பானு (பெர்த்)

செந்தில், அது தப்பு, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஜிடிஎம் 750 கிலோ வரைதான் பிரேக் இல்லாமல் இழுக்கலாம். அதற்கு மேல் 2000 வரை ஒரு ஆக்சிலிலாவது இரண்டு சக்கரத்திலும் பிரேக் இருக்க வேண்டும், அந்த எடை வரை ஓவர்ரைடு பிரேக் என்னும் மெக்கானிக்கல் வகையும் செல்லும். 2000 தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், கூடவே கேரவன் கழன்றால் தானாகப் பிடிக்கும் பிரேக்அவே. ஜிடிஎம் என்பது கேரவனை வண்டியில் மாட்டிய பிறகு அதன் சக்கரங்களில் இறங்கும் எடை. ஏடிஎம் என்றால் டோபாரில் இருக்கும் பந்தின் மேல் விழும் எடையும் சேர்ந்தது. கோபுவின் கேரவன் முழுச் சுமையில் கிளுகரின் 2000 கிலோ வரம்புக்குள் வருகிறது, ஆனால் பிரேக் கட்டாயம் வேண்டும். பிரேக் வேலை செய்யாமல் இழுத்துக்கொண்டு போய் மோதினால் இன்ஷூரன்ஸ்காரன் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

பழைய_ஆம்பியர் (டான்டினாங்)

கோபு தம்பி, 5-ம் பின்னில் ஒன்றும் வராதது உங்கள் வண்டியின் கோளாறு இல்லை, நிறைய வண்டிகளில் அப்படித்தான் விடுகிறார்கள். டோபார் ஹார்னஸ் (வயர்க் கட்டு) விளக்குகளுக்கு மட்டும்தான். 1 மஞ்சள் இடது இண்டிகேட்டர், 2 கருப்பு ரிவர்ஸ், 3 வெள்ளை எர்த், 4 பச்சை வலது, 5 நீலம் பிரேக், 6 சிவப்பு ஸ்டாப் லைட், 7 பழுப்பு டெயில். இதில் நீலத்துக்கு மறுமுனையில் கன்ட்ரோலர் ஒன்று இருந்தால்தான் அதில் கரண்ட் வரும். சாக்கெட்டைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். நீல வயர் கொஞ்ச தூரம் வந்து டேப் சுற்றித் தொங்கும், இல்லாவிட்டால் அந்த ஓட்டையே காலியாக இருக்கும்.

நீங்களே செய்யலாம், 12 வோல்ட்தான். கேரவனுக்குள் இருக்கும் 240 வோல்ட் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள், அதற்கு லைசென்ஸ் உள்ளவர் வேண்டும்.

கன்ட்ரோலரில் இருந்து நாலு வயர் வரும். கருப்பு பேட்டரி பாசிட்டிவுக்கு, வெள்ளை எர்த்துக்கு, சிவப்பு ஸ்டாப் லைட் சிக்னலுக்கு, நீலம் பின்னால் 5-ம் பின்னுக்கு. கருப்பு என்றதும் நெகட்டிவ் என்று நினைத்துவிடாதீர்கள், இந்தப் பெட்டிகளில் கருப்புதான் பாசிட்டிவ். ரெடார்க் டோ-ப்ரோ எலைட், டெகான்ஷா பி3 இரண்டிலும் இதே நிறங்கள்தான். இந்த வண்டிக்கு நான் ரெடார்க்கைத்தான் சொல்வேன். பி3-ஐ டாஷில் தெரியும்படி மாட்ட வேண்டும், முழங்கால் இடிக்கும் இடமாகப் போய்விடும், உங்கள் வண்டியில் டிரைவர் முழங்கால் ஏர்பேக் வேறு இருக்கிறது. ரெடார்க்கில் பெட்டியை டாஷுக்குள் ஒளித்துவிட்டு, சின்னக் குமிழை மட்டும் காலியாக இருக்கும் சுவிட்ச் இடத்தில் வைக்கலாம். ஏர்பேக் வயரிங் மஞ்சளில் இருக்கும், அந்தப் பக்கம் மீட்டரைக்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

வயர் வாங்கும்போது ஒரு விஷயம். இங்கே கடையில் "6 மிமீ ஆட்டோ கேபிள்" என்று விற்பது 6 சதுர மில்லிமீட்டர் இல்லை. அது மேலுறையோடு சேர்த்து அளந்த விட்டம். உள்ளே செம்பு சுமார் 4.6 சதுர மிமீதான். "4 மிமீ" வாங்கினால் உள்ளே 1.84தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 அங்குல டிரம்முக்குள் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் மின்காந்தம், அதாவது மேக்னட், ஒன்று 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் சேர்த்து 7 என்று வையுங்கள். டாஷில் இருந்து கேரவன் சக்கரம் வரை 12 மீட்டர். 1.84 கேபிளில் போக முக்கால் வோல்ட் காலி, எர்த்தும் அதே மெலிசில் இருந்தால் திரும்பி வர இன்னொரு முக்கால். ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விட்டது. 4.6-இல் போக வர இரண்டும் சேர்ந்தே 0.6 வோல்ட் சொச்சம்தான். அதனால் கருப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் 6 மிமீ ஆட்டோ கேபிளில் இழுங்கள், சிவப்பு மெலிசாக இருந்தால் போதும், அது வெறும் சிக்னல்.

பேட்டரிப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர், தானாக ரீசெட் ஆகும் வகை. கையால் அழுத்தும் வகை வேண்டாம், மலையிறக்கத்தில் ட்ரிப் ஆனால் யார் இறங்கிப் போய் அழுத்துவது? ஃபயர்வாலில் ஏற்கனவே இருக்கும் ரப்பர் கிராமட் வழியாகவே உள்ளே கொண்டுவாருங்கள், புதிதாக ஓட்டை போடாதீர்கள். அடியில் போகும்போது எக்ஸாஸ்டில் இருந்து தள்ளி, கான்டியூட் (பாதுகாப்புக் குழாய்) போட்டு, கட்டிக்கொண்டே போங்கள். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: அடியில் ஆரஞ்சு நிறத்தில் போகும் கேபிள் உயர் மின்னழுத்தம், அதோடு சேர்த்து எதையும் கட்டாதீர்கள்.

பிரிஸ்பேன்_பாலா

இவ்வளவு பாடு எதற்கு அண்ணா? கேரவன் பக்கமே மாட்டும் புளூடூத் கன்ட்ரோலர் வந்துவிட்டதே. ஏ-ஃபிரேமில் (கேரவனின் முன்பக்க முக்கோணச் சட்டம்) பெட்டியை வைத்து, ஸ்டாப் லைட் வயரில் இருந்து சிக்னல், கேரவன் பேட்டரியில் இருந்து 12 வோல்ட், செட்டிங் எல்லாம் போனில். வண்டியில் ஒரு ஸ்குரூகூடக் கழற்ற வேண்டாம். நாளைக்கு மனைவி வண்டியில் மாட்டினாலும் அதே வேலை செய்யும். எனக்கு இதுவரை ஒரு குறையும் இல்லை.

பிராடோ_பானு

பாலா, வண்டியை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கும் லீஸ் வண்டிக்காரர்களுக்கும் அது நல்ல தீர்வுதான், நான் மறுக்கவில்லை. எனக்கு அதில் பிடிக்காதது கேரவன் பிரேக்கைக் கையால் கொடுக்கும் பட்டன் விஷயம். கேரவன் ஆட ஆரம்பித்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வண்டியின் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, கேரவன் பிரேக்கை மட்டும் கையால் கொடுப்பது. பின்னால் இருந்து பிடித்து இழுத்தால் அது நேராகிவிடும். ஃப்ரீமேன்டில் பக்கம் பல டிரெய்லர் கோர்த்த சாலை ரயில் லாரி ஒன்று ஓவர்டேக் பண்ணும்போது என் கேரவன் வாலை ஆட்டியது, குமிழை ஒரு அழுத்து, ஓர் நொடிதான், அடங்கிவிட்டது. அந்த நேரத்தில் போனை அன்லாக் பண்ணி ஆப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பிரிஸ்பேன்_பாலா

அதற்குத் தனி ரிமோட் பட்டன் வருகிறது அக்கா, ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பிராடோ_பானு

அப்படியென்றால் சரி. பட்டன் இல்லாமல் வாங்குகிறவர்களைத்தான் சொல்கிறேன். இன்னொன்று, கேரவனில் பேட்டரியே இல்லாத பழைய மாடலாக இருந்தால் 12 வோல்ட் எங்கிருந்து எடுப்பது என்று முதலில் பார்க்க வேண்டும், கடைசியில் ஆண்டர்சன் பிளக் (அதிக கரண்ட் தாங்கும் தனி இணைப்பு) போட வண்டிக்கு அடியில் கேபிள் இழுத்தே தீர வேண்டியிருக்கும். அதற்கு நீல வயரையே இழுத்துவிடலாம்.

கிளுகர்_கோபு

என் கேரவனில் பேட்டரி இல்லை. அதனால் ஆம்பியர் அண்ணா சொன்ன வழியிலேயே போகிறேன், ரெடார்க் ஆர்டர் போட்டாயிற்று. ஒரு சந்தேகம். கன்ட்ரோலரின் சிவப்பு வயரை பிரேக் பெடல் சுவிட்சில் எடுப்பதா, பின்னால் ஸ்டாப் லைட்டில் எடுப்பதா? யூடியூபில் எல்லோரும் பெடல் சுவிட்சில்தான் எடுக்கிறார்கள், கை எட்டும் தூரத்தில் இருக்கிறது.

பழைய_ஆம்பியர்

இந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, அதற்கே ஒரு சல்யூட். முக்கால்வாசிப் பேர் இதைக் கேட்பதே இல்லை.

பழைய வண்டிகளில் பெடல் சுவிட்ச் என்றால் அதுவே ஸ்டாப் லைட் சர்க்யூட். பெடலை மிதித்தால் சுவிட்ச் மூடும், அதே கரண்ட் நேராகப் பின்னால் பல்புக்குப் போகும். எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். இப்போது வரும் வண்டிகளில் சுவிட்ச் கம்ப்யூட்டரிடம் "மிதித்தான்" என்று சொல்கிறது, லைட்டை எரிய வைப்பது கம்ப்யூட்டர். உங்கள் கிளுகரில் ரேடார் குரூஸ் இருக்கிறது. முன்னால் போகிறவன் வேகம் குறைத்தால் உங்கள் வண்டி தானாக பிரேக் போடும், அப்போது பெடலில் உங்கள் கால் இல்லை. ஸ்டாப் லைட் எரியும், ஆனால் பெடல் சுவிட்சில் ஒன்றும் நடக்காது. சிவப்பு வயரை அங்கே எடுத்திருந்தால் வண்டி நிற்கப் பார்க்கும், 1800 கிலோ கேரவன் பிரேக் இல்லாமல் பின்னால் வந்து தள்ளும். தானியங்கி எமர்ஜென்சி பிரேக் விழும்போதும் இதே கதைதான், அதுவும் இன்னும் மோசமான நேரத்தில்.

அதனால் கம்ப்யூட்டருக்குப் பிறகு, விளக்குக்குப் போகும் வயரில் எடுங்கள். டோபார் ஹார்னஸில் மாட்யூல் (டிரெய்லர் விளக்குகளுக்குத் தனியாகக் கரண்ட் தரும் சின்னப் பெட்டி) இருந்தால் அதன் ஸ்டாப் லைட் அவுட்புட்டில், அதாவது 6-ம் பின்னுக்குப் போகும் சிவப்பில் எடுப்பது இன்னும் சுத்தம். சில வண்டிகளில் எல்இடி விளக்குகளுக்கு விட்டுவிட்டுத் துடிக்கும் கரண்ட் போகும், பல்பு இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் அவ்வப்போது சின்னத் துடிப்பு அனுப்பிப் பார்ப்பதும் உண்டு. அங்கே நேராக எடுத்தால் கன்ட்ரோலர் குழம்பி, சும்மா போகும்போதே கேரவன் லேசாக விக்கும். மாட்யூலின் வெளியீடு பெரும்பாலும் சீராக இருக்கும். எதற்கும் இணைப்பதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பாருங்கள், மிதித்தால் 12 வோல்ட் சொச்சம் நிலையாக நிற்க வேண்டும், விட்டால் பூஜ்யம்.

சிட்னி_செந்தில்

அண்ணா, அப்படியென்றால் கேரவன் மாட்டியிருக்கும்போது ரேடார் குரூஸே போடாமல் விட்டால் போச்சு. பெடல் சுவிட்ச் போதாதா?

பழைய_ஆம்பியர்

நீங்கள் போடாமல் இருப்பீர்கள். எமர்ஜென்சி பிரேக் உங்களைக் கேட்டுவிட்டா போடும்?

கிளுகர்_கோபு

வேலை முடிந்தது, ஆனால் முழுதாக முடியவில்லை. சொல்கிறேன்.

வண்டிப் பக்கம் எல்லாம் அண்ணா சொன்னபடி. சாக்கெட்டைக் கழற்றினால் 5-ம் இடம் காலிதான், டெர்மினல்கூட இல்லை, டோபார் போட்டவர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சிவப்பை மாட்யூலுக்குப் பின்னால் எடுத்தேன். கேரவன் இல்லாமல் குமிழை அழுத்தினால் 5-ம் பின்னில் கிட்டத்தட்ட பேட்டரி வோல்ட்டேஜ் வருகிறது. கேரவனை மாட்டினால் குமிழில் விளக்கும் நிறம் மாறுகிறது, இணைப்பு தெரிகிறது என்று அர்த்தம். தெருவில் மெதுவாக ஓட்டிக் குமிழை அழுத்தினால் இழுக்கிறது, ஆனால் அரைமனதாக. கெயினை (பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்ற செட்டிங்) முழுக்க ஏற்றினாலும் சக்கரம் லாக் ஆவதாகத் தெரியவில்லை. வண்டியும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து இழுப்பது போல.

பழைய_ஆம்பியர்

கேரவன் பிளக்கைக் கழற்றி, அதன் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே ஓம்ஸ் வையுங்கள். 10 அங்குல மேக்னட் ஒன்று சுமார் 3.2 ஓம். இரண்டும் இணையாக இருப்பதால் 1.6 வர வேண்டும். 3.2 பக்கம் வந்தால் ஒரு சக்கரம் வேலை செய்யவில்லை. முடிவிலி காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் ஷார்ட். மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றாகத் தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள், மலிவு மீட்டர்களில் அதுவே அரை ஓம் இருக்கும்.

கிளுகர்_கோபு

3.3.

பழைய_ஆம்பியர்

அப்போது ஒரு பக்கம் செத்துக் கிடக்கிறது. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க: யாராவது வண்டிக்குள் உட்கார்ந்து குமிழை அழுத்தட்டும், நீங்கள் சக்கரத்தின் அருகில் காதை வையுங்கள். உயிரோடு இருக்கும் மேக்னட் "ம்ம்" என்று முனகும். இல்லாவிட்டால் சாதாரண திசைகாட்டியை டிரம் அருகில் பிடித்தால் முள் ஆடும். செத்த பக்கத்தில் டிரம்மின் பின்தகட்டுக்கு வெளியே வரும் இரண்டு வயரை முதலில் பாருங்கள், பிறகு ஆக்சில் குழாய். நிறைய கேரவன்களில் ஒரு சக்கரத்தில் இருந்து மறு சக்கரத்துக்கு வயரை ஆக்சில் குழாய்க்குள்ளேயே விட்டிருப்பார்கள், அது குழாய்க்குள் ஆடி ஆடி உரசி மேலுறை போய்விடும். அப்படி இருந்தால் உள்ளே இருப்பதைச் சரிசெய்ய முயலாதீர்கள், அப்படியே விட்டுவிட்டு வெளியே கான்டியூட்டில் புதிதாக இழுத்துவிடுங்கள்.

கிளுகர்_கோபு

அண்ணா, இடது பக்கம். என் மகள் குமிழை அழுத்த, நான் கீழே படுத்துக் கேட்டேன். வலது முனகுகிறது, இடது பேச்சே இல்லை. பின்தகட்டுக்கு வெளியே யாரோ நீல நிறப் பிளாஸ்டிக் கிரிம்ப் ஒன்றைப் போட்டு அதன் மேல் கருப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப்பை உரித்தால் உள்ளே பச்சைப் பொடி. செம்பு முழுக்கப் பூத்து, விரலால் தொட்டதும் கிரிம்பில் இருந்து வயர் தனியாகக் கையில் வந்துவிட்டது. வெளியே பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தது. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போனேன், அரை ஜாண் வயர் போய்விட்டது. புது வயர் சேர்த்து, சாலிடர் இல்லாமல் நல்ல கிரிம்ப், மேலே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க். வலது பக்கத்தையும் அதே மாதிரி மாற்றிவிட்டேன், அதுவும் பூக்க ஆரம்பித்திருந்தது.

இப்போது 1.7. குமிழை முழுக்க அழுத்திப் பிடித்து அளந்தேன், 5-ம் பின்னுக்கும் டிரம்முக்கும் 0.4 வோல்ட்தான் வித்தியாசம்.

பழைய_ஆம்பியர்

அருமை. முழு அழுத்தத்தில் அளந்ததும் சரி, பாதியில் கன்ட்ரோலர் துடிப்பாகத்தான் கரண்ட் விடும், சாதாரண மீட்டர் அதில் என்னென்னவோ காட்டும். ஏ-ஃபிரேமில் எர்த் ஸ்குரூ ஒன்று இருக்கும், அதையும் கழற்றிப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். பந்தும் கப்ளரும் தொட்டுக்கொண்டிருக்கிறதே என்று அதை எர்த்தாக நம்பாதீர்கள், நடுவில் கிரீஸ் இருக்கிறது.

பிராடோ_பானு

கோபு, கெயின் வைக்கும் முன்னால் டிரம்முக்குள் உரசும் பிரேக் ஷூவைச் சரி பண்ணுங்கள். இதை விட்டுவிட்டு எல்லோரும் கன்ட்ரோலரைத் திட்டுவார்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பின்தகட்டின் கீழே இருக்கும் ரப்பர் மூடியை எடுத்தால் உள்ளே பல் வைத்த சக்கரம் ஒன்று தெரியும். சக்கரத்தைக் கையால் சுற்றுவதே கஷ்டம் என்னும் அளவுக்கு முறுக்கிவிட்டு, பிறகு லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் வரை பின்னால் தளர்த்துங்கள், பத்துப் பல் சொச்சம் வரும். புது ஷூ என்றால் முதல் 300 கிலோமீட்டரில் ஒரு தடவை, அப்புறம் 5000-க்கு ஒரு தடவை.

அதற்குப் பிறகு காய்ந்த, சமமான, ஆள் இல்லாத ரோட்டில் 30-40 வேகத்தில் போய்க் குமிழை மட்டும் முழுக்க அழுத்துங்கள். கேரவன் டயர் லாக் ஆகும் வரை கெயினை ஏற்றி, அதற்குக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள். இதைக் கேரவனில் தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு செய்ய வேண்டும், காலி கேரவனில் வைத்த எண் பயணத்தன்று உதவாது. மண் ரோட்டுக்கு வந்தால் இன்னும் இறக்குங்கள். ரெடார்க் முதலில் கொஞ்ச நேரம் எந்தத் திசையில் மாட்டியிருக்கிறது என்று தானே கற்றுக்கொள்ளும், அதுவரை பிரேக் ஒரு மாதிரியாக இருந்தால் பயப்படாதீர்கள்.

பிரைட் வரைக்கும் கவலையில்லை. அங்கிருந்து ஹோதம் பக்கம் ஏறுவதாக இருந்தால் இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விடுங்கள். டிரம் சூடேறினால் கெயின் எவ்வளவு இருந்தாலும் பிடிக்காது. நான் கேரவனோடு அந்த ரோட்டில் போக மாட்டேன், அது என் கருத்து.

கிளுகர்_கோபு

ஹோதமுக்குக் கேரவனைத் தங்கும் பார்க்கிலேயே விட்டுவிட்டுத்தான் போவோம் அக்கா. ஷூ ரெண்டு பக்கமும் ரொம்பத் தளர்வு, முறுக்கினேன். இப்போது 35-இல் குமிழை அழுத்தினால் சீட் பெல்ட் நெஞ்சைப் பிடிக்கிறது. ஒரு பக்கம் சாய்வதும் நின்றுவிட்டது.

சிட்னி_செந்தில்

இதையெல்லாம் படித்துவிட்டு என் மாமா வாங்கியிருக்கும் டான்டெம் (இரட்டை ஆக்சில்) கேரவனைப் போய்ப் பார்த்தேன். ஏடிஎம் 2600. ஏ-ஃபிரேமில் சின்னப் பேட்டரிப் பெட்டியும், கம்பியில் கோர்த்த ஒரு பின்னும் இருக்கிறது. பிரேக்அவே அதுதானே? வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பின்னைப் பிடுங்கிப் பார்த்தால் போதுமா?

பழைய_ஆம்பியர்

அதேதான். கேரவன் கழன்று ஓடினால் கம்பி பின்னைப் பிடுங்கும், அந்தப் பேட்டரி தானாக பிரேக்கைப் பிடிக்கும். குறைந்தது 15 நிமிடம் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று டிரைவருக்குக் காட்டும் மானிட்டர் மாமா வண்டியில் இருக்கிறதா பாருங்கள்.

பின்னைப் பிடுங்கும் முன்னால் 7 பின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே பிடுங்கினால் கேரவன் பேட்டரியின் கரண்ட் நீல வயர் வழியே பின்பக்கமாக கன்ட்ரோலருக்குள் போகும், சில கன்ட்ரோலர்கள் அதைத் தாங்காது. பிளக்கைக் கழற்றி, கேரவன் பந்தில் இருக்கும்போதே பின்னைப் பிடுங்கி, வண்டியை மெல்ல முன்னால் நகர்த்திப் பாருங்கள், சக்கரம் உருளக் கூடாது. பிறகு பின்னை உடனே திரும்ப மாட்டுங்கள், மறந்தால் பேட்டரியும் போகும் மேக்னட்டும் சூடாகும்.

சிட்னி_செந்தில்

கம்பியின் மறுமுனையை இப்போது சேஃப்டி செயினில் மாட்டியிருக்கிறார்கள்.

பழைய_ஆம்பியர்

அதை மாற்றுங்கள், வண்டியிலேயே மாட்ட வேண்டும், டோபாரில் செயினுக்குத் தொடர்பில்லாத தனிப் புள்ளியில். செயின் ஷாக்கிள் கழன்றால் கம்பியும் அதோடு போய்விடும், பின்னோ இருந்த இடத்திலேயே இருக்கும். நீளம் செயினைவிடக் கூடுதலாக இருக்கட்டும், ஆனால் தரையில் இழுபடக் கூடாது. மாமாவின் 2600-க்கு எந்த வண்டி இழுக்கிறது?

சிட்னி_செந்தில்

பஜேரோ ஸ்போர்ட்.

பழைய_ஆம்பியர்

3100 வரை இழுக்கும், எடையில் பிரச்சினை இல்லை. அதிலும் சிவப்பு வயரை எங்கே எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.